மின்சாரம் போனால் எத்தனை நேரம் தாங்கும்? மொட்டைமாடிக்கு டவரா, வாளியா, பையா

கோவையிலிருந்து தங்கை அனுப்பிய படத்தில் ஆளுயர வெள்ளைக் குழாய் ஒன்று. சுற்றிலும் துளைகள், ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு கீரைச்செடி எட்டிப் பார்த்தது. அடியில் விலை: 28,000 ரூபாய். கூடவே ஒரே ஒரு கேள்வி: "அண்ணா, இதை வாங்கலாமா?"

என்னிடம் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதே மாதிரி, மண்ணில்லாமல் வேரைக் காற்றில் தொங்கவிட்டு வளர்க்கும் ஏரோபோனிக்ஸ் டவர் ஒன்று சென்னை மடிப்பாக்கத்தில் என் மொட்டைமாடியில் இரண்டு வருடம் ஓடியது. அதற்கு முன்பிருந்தே நாற்பது பைகளில் காய்கறி வளர்க்கிறேன். நடுவில் பழைய பெயிண்ட் வாளிகளில் மண்ணில்லாமல் கீரை வளர்த்துப் பார்த்தேன். மூன்றிலும் பறித்துச் சமைத்திருக்கிறோம். மூன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டும் இருக்கிறேன். ஆனாலும் 'வாங்கு' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. என்னிடம் தோற்ற டவர் அவளிடம் ஜெயிக்கலாம். அவள் ஊர் வேறு, தண்ணீர் வேறு, அவள் வீட்டு அடுப்பில் வேகும் கீரையும் வேறு.

விளம்பரத்தில் மூன்று வாக்குறுதிகள் இருந்தன: மண் வேண்டாம், தண்ணீர் 90 சதவீதம் மிச்சம், செடி வேகமாக வளரும். மூன்றும் பொய்யல்ல. ஆனால் அவற்றை வைத்து முடிவெடுக்க முடியாது. நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. மோட்டார் நின்றுபோனால், அல்லது நீ கல்யாணத்துக்கு இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டால், இந்தச் செடி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்?

அதற்கு முன், 'ஏரோபோனிக்ஸ்' என்ற ஒரே பெயரில் சந்தையில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சொல்லை 1957இல் உருவாக்கியவர் எஃப்.டபிள்யூ. வென்ட் என்ற தாவரவியல் அறிஞர். வேர் காற்றில் தொங்க வேண்டும், சத்துக் கலந்த நீர் அதன்மேல் புகைபோலப் படிய வேண்டும், அவ்வளவுதான் அடிப்படை. முதல் வகை, உண்மையான உயர் அழுத்த முறை. ஏறத்தாழ 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நுண்துளை நாசில் வழியாக, 50 மைக்ரான் அளவுள்ள துளிகளாக, சில நிமிடங்களுக்கு ஒருமுறை சில நொடிகள் மட்டும் தெளிப்பார்கள். வீட்டு ஆர்.ஓ. கருவிக்குள் இருக்கும் பூஸ்டர் பம்பை வைத்தே இதைச் செய்து பார்ப்பவர்கள் உண்டு. இரண்டாவது, மேசைமேல் வைக்கும் பெட்டிகளில் வரும் அல்ட்ராசோனிக் புகைக்கருவி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உப்புப் படிந்து அதன் தகடு சீக்கிரம் போய்விடும். ஓட ஓடத் தண்ணீரையும் சூடாக்கும். பேத்திக்குக் காட்ட வாங்கலாம். சமையலுக்கு எதிர்பார்க்கக் கூடாது. மூன்றாவது, தங்கை படம் அனுப்பிய டவர். கீழே தொட்டி, அதில் ஒரு சாதாரண மோட்டார், நடுக்குழாய் வழியே மேலே ஏறும் தண்ணீர் வேர்களின்மேல் மழையாக வடிந்து மறுபடியும் தொட்டிக்கு வந்துவிடும். கறாராகச் சொன்னால் இது புகையல்ல, தூறல். விற்பவர்கள் ஏரோபோனிக்ஸ் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். வீட்டுக்கு இந்த மூன்றில் இதுதான் உருப்படியானது, ஏனென்றால் அடைத்துக்கொள்ளும் நாசில் இதில் இல்லை.

உண்மையான ஏரோபோனிக்ஸ் எங்கே கொடிகட்டிப் பறக்கிறது என்று பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். சிம்லாவில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் விதைக்கிழங்கை இப்படித்தான் பெருக்குகிறது. இருட்டுப் பெட்டிக்குள் வேர் தொங்கும்; சிறு கிழங்குகள் கோலிக்குண்டு அளவு வந்ததும் மூடியைத் திறந்து அவற்றை மட்டும் பறித்துக்கொண்டு செடியை விட்டுவிடலாம். மண்ணில் இது நடக்காது, தோண்டினால் செடி போயிற்று. அங்கே குளிர்ந்த மலை, காவலுக்கு ஆள், ஜெனரேட்டர், நோயில்லாத விதைக்குக் கிடைக்கும் நல்ல விலை எல்லாம் இருக்கின்றன. நம் மாடியில் இந்த நான்கில் எது இருக்கிறது?

சரி, தாங்கும் நேரத்துக்கு வருகிறேன். என் மாடியில் நான் பார்த்த கணக்கு இது, ஆய்வுக்கூடக் கணக்கல்ல.

மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு மோட்டார் நின்றால் டவரில் இருக்கும் இளஞ்செடி அரை மணி நேரத்தில் தலையைத் தொங்கப்போடும். ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் வந்தால் மாலைக்குள் நிமிர்ந்துவிடும். மூன்று மணி நேரம் ஆனால் வேர் நுனிகள் கருகிவிடும். பிறகு செடி பிழைத்தாலும் பழைய செடியாக இருக்காது. உயர் அழுத்தப் புகை முறையில் இந்த நேரம் இன்னும் குறைவு. பி.வி.சி. குழாயைக் கிடையாகப் போட்டு, அதன் அடியில் மெல்லிய ஓடைபோலத் தண்ணீர் ஓடவிடும் என்.எஃப்.டி. முறை டவரைவிடச் சற்றே பொறுமைசாலி, குழாயின் அடியில் கொஞ்சம் ஈரம் தேங்கி நிற்கும் என்பதால். தொட்டி நிறையத் தண்ணீரில் வேரை மிதக்கவிட்டு, மீன் தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்பை ஓடவிடும் முறையில் ஒரு பொழுது ஓடிவிடும். பையில் இருக்கும் கத்தரிச்செடி கோடையில் ஒரு நாள் தாங்கும், மார்கழியில் மூன்று நாள். மோட்டாரே இல்லாத பெயிண்ட் வாளிக்கு மின்சாரம் போனதே தெரியாது.

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது என்னிடம் டவர் இல்லை. இருந்திருந்தால் காற்று ஒரு பக்கம், நாள்கணக்கில் மின்சாரம் இல்லாதது மறுபக்கம் என்று இரண்டு தடவை செத்திருக்கும். பைகளைச் சுவரோரம் நெருக்கி வைத்தோம். தக்காளி போய்விட்டது, கத்தரி பிழைத்தது. 2023 மிக்ஜாம் புயலின்போது டவர் இருந்தது. முதல் நாள் சாயங்காலமே அதைப் பிரித்து, செடிகளை நெட் பாட்டோடு (வேர் வெளியே வர வலைபோல ஓட்டை போட்ட சிறு கிண்ணம்) தூக்கி வாளிகளில் உட்கார வைத்தேன். அன்றுதான் ஒன்று விளங்கியது: டவர் வைத்திருப்பவனுக்கு வாளியும் வேண்டும். வாளி வைத்திருப்பவனுக்கு டவர் கட்டாயமில்லை.

புயலைவிட வெயில்தான் சென்னையின் நிஜமான வில்லன். முதல் கோடையில், ஒரு சனிக்கிழமை மதியம், செடிகள் காரணமே இல்லாமல் வாடுகின்றன என்று டவரின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீரும் வடிந்துகொண்டிருந்தது. போன வாரம் வரை பிழிந்து தொங்கவிட்ட இடியாப்பம்போல வெள்ளைவெளேர் என்றிருந்த வேர்கள், டிகாஷனில் முக்கியெடுத்த நிறத்தில் இருந்தன. விரலால் உருவினால் தோல் மட்டும் கையோடு வந்தது. உள்ளே நூல்போல ஒரு நரம்பு மிஞ்சியது. சாக்கடை வாடை. தொட்டிக்குள் வெப்பமானியை விட்டேன்: 37 டிகிரி. செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, வெந்நீர் ஊற்றியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். சத்துக்கரைசலுக்கு 18 முதல் 24 டிகிரி வரை உகந்த வெப்பம். 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 35 டிகிரியில் அது 7க்கு இறங்கிவிடும். வெப்பம் ஏற ஏற வேருக்கு மூச்சுத் தேவை கூடும், தண்ணீரிலோ மூச்சு குறையும். வேர் காற்றில் தொங்கும் ஏரோபோனிக்ஸில் இந்தப் பற்றாக்குறை மற்ற நீர்முறைகளைவிடக் குறைவுதான். அதுதான் இந்த முறையின் உண்மையான பலம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெதுவெதுப்பான தண்ணீரில் செழிக்கும் பித்தியம் என்ற வேரழுகல் கிருமிக்குக் காற்றும் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான். அதிலும் டவரில் இருக்கும் இருபத்தெட்டுச் செடிக்கும் ஒரே தண்ணீர். ஒரு வேரில் வந்தால் மோட்டாரே அதை மற்ற இருபத்தேழுக்கும் பந்தி பரிமாறிவிடும். பையில் ஒரு செடிக்கு நோய் வந்தால் அந்தப் பையைத் தூக்கித் தள்ளி வைத்தால் முடிந்தது.

வெப்பநாட்டில் ஏரோபோனிக்ஸே முடியாதா என்றால், முடியும். சிங்கப்பூரில் பேராசிரியர் லீ சிங் கோங் குழுவினர் இலைகளை அந்த ஊர்ப் புழுக்கத்திலேயே விட்டுவிட்டு, வேர்ப்பகுதியை மட்டும் 20 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, குளிர்நாட்டு லெட்யூஸை வளர்த்துக் காட்டினார்கள். காற்றைக் குளிர்விப்பதைவிட வேரைக் குளிர்விப்பது மலிவு என்பது அருமையான யோசனை. ஆனால் அதற்குத் தண்ணீர் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டும். நான் செய்தது ஏழையின் சில்லர்: இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறையவைத்து, காலை பதினொன்றுக்கு ஒன்று, பிற்பகல் இரண்டுக்கு ஒன்று என்று தொட்டிக்குள் போட்டேன். தொட்டியைச் சுற்றி தெர்மாகோல், மேலே 50 சதவீத நிழல்வலை. ஆறேழு டிகிரி இறங்கியது, செடிகள் பிழைத்தன. ஆனால் மே மாதம் முழுக்க வீட்டில் யாராவது ஒருவர் பாட்டில் மாற்ற இருந்தாக வேண்டும். அந்த 'யாராவது' எழுபத்தாறு வயதான அம்மாவாக இருந்தார். நான் அலுவலகத்தில் ஏ.சி.யில் இருந்தேன். ஜூன் முதல் வாரம் அம்மா சொன்னார்: "செடிக்கு ஐஸ் வைக்கிறேன், எனக்கு மோர் கொடுக்க ஆளில்லை." அதற்குமேல் அந்த ஏற்பாட்டைத் தொடர எனக்கு வாயில்லை.

இங்கேதான் கோவை வேறுபடுகிறது. சித்திரை வெயிலிலும் கோவையில் இரவு 24 டிகிரிக்கு இறங்கிவிடும். தொட்டித் தண்ணீரும் விடிவதற்குள் ஆறிவிடும். சென்னையில் மே மாத இரவே பெரும்பாலும் 28, 29 டிகிரி. தண்ணீர் ஆற நேரமே கிடைக்காது. தங்கை வீட்டில் மாடியை விட்டுவிட்டுக் கிழக்குப் பால்கனியில் வைத்தால் பதினொரு மணிக்கு மேல் நிழல். அதே டவருக்கு அது வேறொரு வாழ்க்கை.

அடுத்தது தண்ணீரின் உப்பு. விளம்பரத்தில் இந்தப் பேச்சே இருக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் விட்டால் கோடையில் 1,400 காட்டும். கீரை வகைகளுக்குச் சத்துக் கலந்த பிறகு கரைசல் மொத்தமே 600 முதல் 900க்குள் இருந்தால் போதும். அதாவது, சத்து எதுவும் போடும் முன்பே எங்கள் தண்ணீர் 'நிரம்பி' இருக்கிறது, அதுவும் செடிக்கு வேண்டாத உப்பால். அதன்மேல் சத்தைக் கொட்டினால் இலை ஓரம் கருகும். கரைசலின் புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.5 முதல் 6.5க்குள் நிற்க வேண்டும். கடினநீர் அதை ஒவ்வொரு நாளும் மேலே இழுத்துக்கொண்டே போகும், நாம் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பையில் இருக்கும் மண்ணும் தொழுவுரமும் இந்த முரட்டுத்தனத்தை ஓரளவு வாங்கிக்கொள்ளும். டவரில் அப்படித் தாங்கிக்கொள்ள நடுவில் எதுவும் இல்லை.

எனக்கு வழிவிட்டது மழைநீர். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்பா போட்ட குழாயிலிருந்து, நிலத்துக்குள் இறங்கும் முன்பே ஒரு 500 லிட்டர் டிரம்முக்குத் திருப்பிவிட்டேன். அதில் மீட்டர் 40, 50 காட்டியது. ஐப்பசியில் இருந்து தை வரை டவர் அந்தத் தண்ணீரில் ராஜாவாக ஓடியது. டிரம் காலியான அன்று அதன் ராஜ்ஜியமும் முடிந்தது. தங்கை வீட்டுக் குழாயில் சிறுவாணி வருகிறது. அவள் மீட்டர் வாங்கி அளந்து சொன்ன எண்ணைக் கேட்டு எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தெருவிலேயே போர்த் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவருக்கு என் கதைதான். இந்த 300 ரூபாய் மீட்டரை வாங்காமல் 28,000 ரூபாய் டவரை வாங்கக் கூடாது.

சத்துக்கரைசல் ஏ, பி என்று இரண்டு பாட்டில்களாக வருவதன் காரணத்தையும் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்றில் கால்சியம் நைட்ரேட், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். தனித்தனியாக நிறையத் தண்ணீரில் கலக்க வேண்டும். அவசரத்தில் இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றினேன். சுண்ணாம்பு கரைத்ததுபோல வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்தது. செடிக்குப் போக வேண்டிய கால்சியம் மோட்டார் வடிகட்டியில் போய் உட்கார்ந்துகொண்டது.

என்ன சமைக்கிறோம் என்பதை வைத்துத்தான் நான் கடைசியில் முடிவுக்கு வந்தேன். டவர்காரர்கள் காட்டும் படங்களில் லெட்யூஸ், பேசில், கேல். நம் வீட்டில் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை. இவற்றின் வளர்ப்பே வேறு. விதையைத் தூவி, நெருக்கமாக முளைக்கவிட்டு, இருபத்தைந்து, முப்பது நாளில் சிறுகீரையை வேரோடு பிடுங்கிக் கட்டுகிறோம். கடையில் வாங்கிய ஒரு சிறுகீரைக் கட்டைப் பிரித்து ஒருநாள் எண்ணினேன்: எழுபத்துமூன்று செடிகள். டவரில் மொத்தத் துளை இருபத்தெட்டு! இரண்டடிக்கு இரண்டடி சதுரப் பை ஒன்றில் ஒரு கட்டுக் கீரை தாராளமாக வந்துவிடும்.

ஒடித்து ஒடித்துப் பறிக்கும் கீரைகளுக்கு டவர் பிரமாதம். புதினா, பாலக், பொன்னாங்கண்ணி, வல்லாரை, கொடிப்பசலை. அதிலும் புதினாவை நான் அப்படி எங்கும் பார்த்ததில்லை. பத்து நாளில் துளையே தெரியாமல் மூடிக்கொண்டது, மண் ஒட்டாத இலை, அலசக்கூட வேண்டாம். பத்துப் பாலக் செடி இருந்தால் வாரம் ஒரு கூட்டுக்குக் காணும். கொத்தமல்லி சுமார்தான். மிளகாயும் கத்தரியும் வரும், ஆனால் மூன்று மாதத்தில் அவற்றின் வேர் குழாய்க்குள் சடைபிடித்து, தண்ணீர் கீழே இறங்கும் வழியை அடைத்துவிடும். தக்காளிக்கும் அதே கதை, கூடவே கொடியைத் தாங்கக் கம்பியும் கட்ட வேண்டும். முள்ளங்கி, கேரட் பேச்சே வேண்டாம். வெண்டையை ஏன் டவரில் வைக்க வேண்டும்? பையில் விதைத்த நாற்பத்தைந்தாம் நாள் காய் பறிக்கலாம். அது கேட்பதெல்லாம் வெயிலும் ஒரு கை மண்புழு உரமும்தான்.

பழத்துக்கு டவர் என்று வாங்குபவர்களை ஸ்ட்ராபெர்ரி படம் ஏமாற்றுகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சரி. சென்னையில் இலை வரும், ஓடுகொடி வரும், பழம் வராது. கோவையில் குளிர் மாதங்களில் நாலு பழம் பறித்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் பழம் வேண்டுமென்றால் 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி ஒட்டுக் கொய்யாவோ எலுமிச்சையோ அத்தியோ வையுங்கள். பொறுமைதான் விலை.

பணத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டவரில் ஒரு துளைகூட வாடாமல் இருந்து வாரம் நாலு கட்டு கீரை பறித்தாலும், கட்டு 25 ரூபாய் என்றால் வாரம் 100, வருடம் 5,200. போட்ட பணம் திரும்ப ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும், சத்துக்கரைசல் செலவைச் சேர்க்காமலே. மின்சாரம் பெரிதல்ல: 40 வாட் மோட்டார் கால் மணி ஓடி, கால் மணி ஓய்ந்தால் நாளுக்கு அரை யூனிட், இரண்டு மாத பில்லில் 30 யூனிட். 500 யூனிட் கோட்டுக்கு அருகே நிற்கும் வீடுகள் மட்டும் யோசிக்கட்டும், அதைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறிவிடும். என் நாற்பது பைகள், கலவையோடு சேர்த்து, எனக்கு 8,000 ரூபாய்க்குள் முடிந்தன. ஆர்.எஸ். புரம் உழவர் சந்தை இருக்கும் ஊரில் லாபத்துக்காகக் கீரை வளர்ப்பது வேடிக்கைதான். அவள் லாபத்துக்காகக் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

பைக்கும் குறைகள் உண்டு. நனைந்த பை ஒவ்வொன்றும் 15 கிலோ. நாற்பதும் சேர்ந்தால் 600 கிலோ தளத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பழைய வீடென்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. அடியில் வடியும் தண்ணீர் தட்டோடுகளில் கறை போடும், நீர்க்கசிவு இருந்தால் அதைப் பெரிதாக்கும். கோடையில் பைகளுக்கு நாளுக்கு எண்பது லிட்டர் ஊற்றுகிறேன்; டவர் குடித்ததோ நான்கைந்து லிட்டர். தண்ணீர் லாரி வரும் மாதங்களில் இந்த வித்தியாசம் நெஞ்சில் குத்தும். தேங்காய் நார்க்கழிவுக் கட்டியை அலசாமல் போட்டால் அதிலிருக்கும் உப்பே நாற்றைக் கொன்றுவிடும். ஐந்து கிலோக் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, மறுபடி ஊறவைத்து அலசுவதற்குள் இடுப்பு போய்விடும். மாவுப்பூச்சி, எறும்பு, வேப்ப எண்ணெய்க் கரைசல் என்று ஞாயிற்றுக்கிழமைகள் கரையும். குனிய முடியாதவர்களுக்குப் பை கொடுமை. டவரில் நின்றபடியே பறிக்கலாம். அம்மா டவரைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தையும் அதுதான்.

எல்லாரும் தாண்டிப்போகும் வாளியைப் பற்றி இனி. ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை இது. மூடியில் துளை போட்ட வாளி, உள்ளே சத்துக்கரைசல், துளையில் நெட் பாட். முதலில் வேர் நுனி தண்ணீரைத் தொட்டால் போதும். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். மேலே வெளிப்படும் வேர் காற்றை எடுத்துக்கொள்ளப் பழகிவிடும். மோட்டார் இல்லை, டைமர் இல்லை. ஒரு லெட்யூஸ் செடிக்கு அதன் ஆயுளுக்கே நாலு லிட்டர் கரைசல் போதும். நான் செய்த தப்பு, தண்ணீர் குறைகிறதே என்று இரக்கப்பட்டு வாளியை விளிம்பு வரை நிரப்பியது. காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கி, மூன்று நாளில் செடி மஞ்சளாகிவிட்டது. பாதிக்கு மேல் நிரப்பாதே என்று இப்போது மூடியிலேயே எழுதி வைத்திருக்கிறேன். வாளிக்கு வெளியே வெள்ளை பெயிண்ட் அடிக்க வேண்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி, வெயில் பட்டால் சூடு. இன்னொன்று கொசு. மாநகராட்சியிலிருந்து டெங்கு சோதனைக்கு வந்தவர் ஒரு வாளியின் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். இடைவெளிகளைப் பஞ்சால் அடைத்திருந்ததால் தப்பித்தேன். அவரே கடைசியில் புதினாக் கிளை ஒன்று கேட்டு வாங்கிப்போனார்.

தங்கைக்கு எழுதிய பதில் இதுதான். சென்னையில் என்னைப்போல் உப்புத் தண்ணீரும் திறந்த மாடியும் வைத்திருப்பவருக்குக் காய்க்குப் பை, புதினாவுக்கு வாளி, அதற்குமேல் எதுவும் வேண்டாம். உன்னிடம் சிறுவாணி இருக்கிறது, நிழல் பால்கனி இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது, சாலட் சாப்பிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உனக்கு டவர் சரிவரும். சரிவராமல் போனால் அதற்குக் காரணம் ஊராக இருக்காது, ஞாயிற்றுக்கிழமைகளாக இருக்கும். வாரம் ஒருமுறை பி.எச்., டி.டி.எஸ். அளக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து கழுவ வேண்டும், மோட்டார் வடிகட்டியைத் தேய்க்க வேண்டும். அது உன்னால் முடியுமா என்று இப்போதே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நான்கு வாளி, நான்கு பாலக், ஒரு மீட்டர். மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். நாற்பது நாள் ஓட்டு. ஒவ்வொரு ஞாயிறும் அளந்த எண்ணை காலண்டரில் எழுது. கட்டங்கள் காலியாக இருந்தால் டவரை மறந்துவிட்டு ஆடிப்பட்டத்துக்குப் பை வாங்கு.

ஐந்து வாரம் கழித்து காலண்டரைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். ஐந்து ஞாயிற்றிலும் எண்கள். ஒன்றில் மட்டும் மாப்பிள்ளையின் கையெழுத்து. பாலக் பருப்புக்கூட்டின் படமும் வந்தது. 28,000 கொடுத்துப் புதிதாக வாங்க வேண்டாம், என்னுடையது மாடி அறையில் துணிபோர்த்தி நிற்கிறது, ஐப்பசியில் வந்து எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன். மோட்டார் மட்டும் எரிந்துபோயிருக்கிறது. அதை அவள்தான் வாங்கிப் போட வேண்டும்.